பதிவேட்டை நிரப்பப் பணம் கொடுக்கலாமா?

நோயாளியைப் பார்ப்பதுதான் வேலை, எழுதுவதெல்லாம் அப்புறம் என்ற எண்ணம் மருத்துவமனைகளில் ஆழ வேரூன்றியிருக்கிறது. அது எவ்வளவு தவறு என்பதைக் காசநோய்ப் பதிவு காட்டுகிறது. இந்தியாவில் எந்த மருத்துவர் காசநோயைக் கண்டறிந்தாலும் அரசுக்குத் தெரிவித்தாக வேண்டும் என்பது 2012 முதல் கட்டாயம். நிக்‌ஷய் என்ற அரசின் காசநோய்ப் பதிவு இணையதளத்தில் பெயர் ஏறிய பிறகே நோயாளிக்குச் சத்துணவுக்கான மாத உதவித்தொகை கிடைக்கும். வீட்டிலிருப்போரைப் பரிசோதிக்கும் வேலையும் தொடங்கும். பதிவு பிந்தினால் இரண்டும் பிந்தும். ஆகவே எழுதுவதும் சிகிச்சையே.

பதிவு நடக்க அரசு அச்சத்தையும் ஆசையையும் பயன்படுத்தியது. தெரிவிக்கத் தவறினால் சிறைத்தண்டனைகூட வரலாம் என்று 2018இல் அறிவித்தது. தனியார் மருத்துவர் நோயைத் தெரிவித்தால் 500 ரூபாய், சிகிச்சையின் முடிவைத் தெரிவித்தால் இன்னொரு 500 ரூபாய் என்று ஊக்கத்தொகையும் வைத்தது. செய்தே தீரவேண்டிய கடமைக்குப் பணம் கொடுப்பது முறையா?

ஒரு கடமைக்கு விலை வைத்தால், விலை வைக்காத கடமைகள் மெலியும் என்ற அச்சம் வெறும் ஊகமல்ல. குறித்த பணிகளைச் செய்து பதிந்தால் கூடுதல் ஊதியம் என்ற திட்டம் பிரிட்டனின் குடும்ப மருத்துவர்களுக்கு 2004இல் வந்தது. ஆஸ்துமா, இதயநோய் சிகிச்சையில் அந்தப் பணத்தோடு இணைக்கப்படாத கூறுகளின் தரம் சரிந்ததாக 2009இல் வெளியான ஆய்வு காட்டியது.

ஆனால் மறுபக்கமும் உண்டு. எழுதுவதற்கு நேரம் வேண்டும். பணிநேரம் முழுவதையும் நோயாளிகளின் வரிசைக்குக் கொடுத்துவிட்டு, பதிவேட்டை வீட்டுக்குப் போகும் நேரத்தில் நிரப்பச் சொல்வது உழைப்புச் சுரண்டல். அந்த நேரத்துக்குக் கொடுக்கும் பணம் லஞ்சமல்ல, கூலி. கூலி என்றால் அது எழுதும் கைக்குச் சேரவேண்டும். செவிலியர் எழுத மருத்துவர் பெறுவது நீதியாகாது. எண்ணிக்கைக்கு மட்டும் கொடுத்தால் பொய்ப் பதிவுகள் பெருகும் என்பதால், பதிந்தது உண்மையா என்ற சோதனையும் உடன்வர வேண்டும்.

பணத்துக்கு முன்பே செய்யக்கூடியது ஒன்றிருக்கிறது: எந்தப் பதிவு எத்தனை நாள் பிந்தியது, அதனால் எந்த நோயாளிக்கு என்ன நின்றுபோனது என்று ஊழியருக்கு உடனுக்குடன் சொல்வது. பெயர்களைச் சுவரில் ஒட்டினால் அது அவமானப்படுத்தல். தனியே அழைத்துச் சொன்னால் மரியாதை. ஒரே விவரத்தை மூன்று பதிவேடுகளில் எழுத வைப்பதால்தான் பிந்துகிறது என்று ஊழியர் சொன்னால், நிர்வாகமும் அதைக் கேட்டுத் திருந்த வேண்டும்.

தேவையற்ற சுமையை முதலில் இறக்கிவிட்டு, பிறகு நிலையை எடுத்துச் சொல்லி, மிச்சமிருக்கும் உழைப்புக்குப் பணம் கொடுப்பதே அறம். இந்த வரிசையைத் தலைகீழாக்கினால், கோப்புகள் நேரத்துக்கு நிறைந்தாலும் நோயாளிக்கு அதனால் நன்மை இராது.