கடன் தீரும்வரை சாமி காத்திருக்குமா?

கேள்வி: என் மகன் கிள்ளான் துறைமுகத்தில் வேலை செய்கிறான். கம்பெனிப் பயிற்சி ஒன்றில், சாப்பாடு, வீடு, பாதுகாப்பு எல்லாம் நிறைந்த பிறகுதான் மனிதனுக்கு மேலான எண்ணம் வரும் என்றார்களாம். கோயிலுக்குக் கூப்பிட்டால், "வீட்டுக் கடன் முடியட்டும்மா" என்கிறான். அவன் சொல்வது தவறா, ஐயா?
— வாசகி, கேரி தீவு

பதில்: தவறு என்று சொல்லமாட்டேன், அம்மா. வடலூரில் வள்ளலார் தருமசாலை அடுப்பை மூட்டியது 1867-இல். சத்திய ஞானசபையில் சோதி வழிபாடு தொடங்கியது 1872-இல். சோறு முந்தியது, சோதி பிந்தியது. மாதத் தவணையை நினைத்துத் தூக்கம் கெடுகிற பிள்ளையிடம் பக்தி போதவில்லை என்று குறைபட வேண்டாம்.

ஆனால், வள்ளலார் அந்த வரிசையை வைத்தது அடுத்தவர் பசிக்காக. நம் தேடலைத் தள்ளிப்போட அதைச் சாக்காக எடுத்துக்கொள்ளக் கூடாது. மகன் பயிற்சியில் கேட்டது அமெரிக்க உளவியலாளர் ஆபிரகாம் மாஸ்லோ 1943-இல் எழுதிய கருத்து. ஒரு தேவை முழுக்கத் தீர்ந்தால்தான் அடுத்தது எழும் என்று அவரே சொல்லவில்லை. ஓரளவு தீர்ந்தாலே மற்றது தலைகாட்டும் என்றார். கடைசிக் காலத்தில், தன்னைக் கடந்து நிற்பதை உச்சியில் வைத்தார்.

உங்கள் தீவு கேரி என்ற தோட்டத் துரையின் பெயரைச் சுமக்கிறது. அப்படிப்பட்ட துரைமார் தோட்டங்களில் நாள்கூலிக்கு உழைத்து, லயத்தில் படுத்தவர்கள்தாம் மாரியம்மனுக்குக் கோயில் எழுப்பினார்கள். தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்ட காலத்தில், 1960-இல், இந்தியர் தலைவர் துன் வீ.தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தோட்டங்களை நாமே வாங்க மாதம் 10 வெள்ளி சேமிக்கச் சொன்னார். பால்மரம் சீவியவர்கள் கொடுத்தார்கள். இருக்கிற கூரையும் போய்விடுமோ என்ற பயம் அதில் இருந்தது. நாமும் மண்ணுக்குச் சொந்தக்காரர் ஆவோம் என்ற மானமும் இருந்தது. அந்தப் பத்து வெள்ளியில் எவ்வளவு வயிற்றுக்கு, எவ்வளவு மானத்துக்கு என்று யார் பிரிப்பது? வயிறு நிறையட்டும் என்று அவர்கள் காத்திருந்தால் தோட்டங்களை வாங்கியிருக்க முடியாது.

மகனைச் சாமி கும்பிட அழைக்காதீர்கள். அடுத்த திருவிழா அன்னதானத்தில் காய் நறுக்கவும் அண்டா தூக்கவும் ஆள் போதவில்லை என்று சொல்லுங்கள். முன்பின் தெரியாத ஒருவர் இலையில் அவன் கையால் சோறு வைக்கட்டும். அதற்குக் கடன் முடிய வேண்டியதில்லை.