கணக்கு கேட்க உரியவர்கள்

ஒருவருக்கு நாளொன்றுக்கு 15 லீற்றர் தண்ணீர். 20 பேருக்கு ஒரு மலசலகூடம். கூரைக்குக் கீழே ஆளுக்கு மூன்றரைச் சதுர மீற்றர் இடம். மனிதாபிமான உதவி என்ற பெரிய பேச்சைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே இருப்பவை இப்படிப்பட்ட எண்கள். 1994இல் ருவாண்டாவிலிருந்து ஓடிவந்து கோமா முகாம்களில் ஒதுங்கியவர்கள் கொலராவில் பல்லாயிரக்கணக்கில் இறந்தார்கள். உதவப் போனவர்களை அந்தச் சாவுகள் நிம்மதியாக இருக்க விடவில்லை. 1997இல் தொண்டு நிறுவனங்கள் ஒன்றுகூடி எழுதத் தொடங்கிய ஸ்பியர் கைநூலில் உள்ள அளவுகள்தான் இவை.

சர்வதேச நிவாரண நிதி அலுவலகமொன்றில் பயிலுநராகச் சேர்ந்ததும் இந்த நூலைத்தான் முதலில் படிக்கத் தந்தார்கள். கண்டிக்கு அருகே அம்பிட்டியவில் என் வாடகை அறையில் இரவு நேரங்களில் படிக்கிறேன். இந்த அளவுகூடக் கிடைக்காமல் இறந்துபோனவர்களை நினைத்து எழுதப்பட்டவை என்று தெரிந்த பிறகு, பக்கங்களை வேகமாகப் புரட்ட மனம் வருவதில்லை.

*

கருத்திட்ட முன்மொழிவுகள் வரும். வரவுசெலவுக் கூட்டல் சரியா, தேவை மதிப்பீட்டில் சொன்ன குடும்பத் தொகையும் பயனாளிகள் பட்டியலில் உள்ள தொகையும் ஒத்துப்போகின்றனவா, முதியவர்களும் மாற்றுத்திறனாளிகளும் கர்ப்பிணிகளும் தனியே காட்டப்பட்டிருக்கிறார்களா என்று பார்த்து மேலே அனுப்புவேன். ஒரு பயிலுநரின் வேலை இவ்வளவுதான்.

பணம் வரும் வழியையும் இந்த மேசையில்தான் கற்றேன். ஐ.நா. பொதுச் சபை 2005 டிசம்பரில் ஏற்படுத்திய மத்திய அவசரகால நிதியம் 2006 மார்ச்சில் இயங்கத் தொடங்கியது. பேரிடர் நடந்து சில நாட்களுக்குள் அதனால் பணம் விடுவிக்க முடியும். ஆனால் அது ஐ.நா. முகவரகங்களுக்கு மட்டுமே நேரே பணம் கொடுக்கும். அங்கிருந்து பெரும்பாலும் ஒரு சர்வதேசத் தொண்டு நிறுவனம், பிறகு ஓர் உள்ளூர் அமைப்பு, அதன் பிறகு கிராம உத்தியோகத்தரின் பட்டியல், கடைசியில் ஒரு வீடு. ஒவ்வொரு படியிலும் வாகனம், அலுவலகம், கணக்காய்வு என்று ஒரு பங்கு கழிகிறது. பெரும்பாலும் அது தேவையான செலவுதான்.

எனக்கு உறுத்துவது வேறு. அறிக்கைகள் எல்லாம் கீழிருந்து மேலே ஏறுகின்றன. கொடுத்தவருக்குப் பற்றுச்சீட்டு முதல் படம் வரை போய்ச் சேர்கிறது. பெற்றவருக்கு எதுவும் இறங்கி வருவதில்லை. அவரிடம் ஒரு கையெழுத்து வாங்கிக்கொள்கிறோம். அவருக்காக எவ்வளவு ஒதுக்கப்பட்டது, அதை யார் தீர்மானித்தார்கள் என்று அவரிடம் யாரும் சொல்வதில்லை.

*

2004 டிசம்பர் 26 சுனாமிக்கு உலகம் அள்ளிக் கொடுத்தது. திரண்ட தொகை 13.5 பில்லியன் டொலர் என்கிறது சுனாமி மதிப்பீட்டுக் கூட்டணி 2006இல் வெளியிட்ட அறிக்கை. பாதிக்கப்பட்ட ஒருவருக்குச் சராசரியாக 7,100 டொலர். அதே 2004இல் பங்களாதேஷ் வெள்ளத்தில் பாதிக்கப்பட்ட ஒருவருக்குக் கிடைத்தது 3 டொலர்.

இந்த இரண்டு எண்களையும் குறிப்பேட்டில் அருகருகே எழுதி வைத்திருக்கிறேன். இரண்டு இடத்திலும் தண்ணீர் வீட்டுக்குள் வந்தது. உலகத்தின் கண் ஓரிடத்தில் நிலைத்தது, மற்ற இடத்தைக் கடந்து போனது. தூரத்தில் இருப்பவரின் இரக்கம் உண்மையானது, அதைக் குறைத்துச் சொல்ல எனக்கு உரிமையில்லை. ஆனால் இரக்கம் மட்டும் பங்கிட்டால் பங்கு இப்படித்தான் விழும்.

அதே அறிக்கை இன்னொன்றும் சொல்கிறது. முதல் மணி நேரங்களில் உயிர்களைக் காத்தவர்கள் அநேகமாக எல்லோரும் உள்ளூர் மக்களே. பிறகு வந்த பெரிய அமைப்புகள் பல இடங்களில் அவர்களை ஓரமாக நிற்கவைத்துவிட்டுத் தாங்களே வேலையை எடுத்துக்கொண்டன.

*

2025 நவம்பர் இறுதியில் இலங்கைக்கு டித்வா சூறாவளி வந்தது. நாடு முழுவதும் 600க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஆக அதிகமானோரை இழந்தது கண்டி மாவட்டம். மலை இறங்கிவந்த இடங்களில் பாதை அறுந்து, மின்சாரம் போய், தொலைபேசி ஊமையாகிக் கிடந்தபோது, மண்வெட்டியோடு முதலில் ஓடியவர்கள் அடுத்த வீட்டுக்காரர்கள்.

அதன் பிறகு எங்கள் படிவங்கள் போயின. படிவம் முகவரி கேட்கிறது. தேயிலைத் தோட்டத்து வரிசை வீடான லயத்தில் வசிப்பவருக்குப் பல தோட்டங்களில் வீட்டுக்கென்று தனி முகவரி இல்லை. கடிதம் தோட்டக் காரியாலயத்துக்குத்தான் வரும். படிவம் காணி உறுதி கேட்கிறது. தலைமுறை தலைமுறையாக அந்த மண்ணில் கொழுந்து பறித்தவரிடம் அதுவும் இல்லை. பிரித்தானியர் காலத்தில் கோப்பிக்கும் தேயிலைக்கும் என்று கூட்டிவரப்பட்டவர்களின் வழிவந்தவர்கள், இருநூறு ஆண்டுகள் கழிந்தும் படிவத்தின் இரண்டு கட்டங்களை வெறுமையாக விட்டுக் கொடுக்கிறார்கள். கட்டம் வெறுமையாக இருந்தால் பட்டியலில் பெயர் கீழே போகும்.

பாடசாலையொன்றில் அமைந்த இடைத்தங்கல் முகாமில் ஓர் அம்மா என்னிடம் சொன்னார்: "சவுக்காரம், பிரஷ் எல்லாம் திரும்பத் திரும்பக் குடுத்துட்டாங்க புள்ள. பெரியவனுக்கு ஸ்கூல் போகச் சப்பாத்து இல்ல. அத யாருமே கேக்கல."

குறை சொல்லும் குரல் அல்ல அது. நடந்ததைச் சொன்னார். சுகாதாரப் பொதி அவசியமானதுதான். ஆனால் என்ன அவசியம் என்று முடிவெடுத்த மேசையில் அவர் இல்லை. அவர் கையில் பணமாகவே கொடுத்திருந்தால் சப்பாத்து வாங்கியிருப்பார். நிவாரணத்தைப் பணமாகக் கொடுக்கும் முறை உலகெங்கும் பரவியதற்கு ஒரு காரணமும் இதுதான். தன் வீட்டுக்கு எது முதலில் வேண்டும் என்பது அந்த வீட்டுக்காரருக்குத் தெரியும்.

*

அம்பிட்டிய வீதி தலாத்துஓயா வழியாக ஹேவாஹெட்டைப் பக்கம் ஏறுகிறது. அந்தத் திசையில்தான் 1867இல் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்ட லூல்கந்துர தோட்டம் இருக்கிறது. அதே அம்பிட்டியவில் குருமடமும் இருக்கிறது. மாலையில் அந்தப் பக்கம் நடப்பது வழக்கம்.

பாப்பரசர் 13ஆம் லியோ 1893இல் இந்தக் குருமடத்தை நிறுவினார். அவருடைய பிரதிநிதியாக இங்கே இருந்து அதைக் கட்டியெழுப்பியவர் சலெஸ்கி என்ற போலந்துக்காரர். இந்தியாவுக்கும் இலங்கைக்கும் ஐரோப்பாவிலிருந்து குருமாரை அனுப்பிக்கொண்டே இருப்பதைவிட, இந்த மண்ணில் பிறந்தவர்களையே ஆயத்தப்படுத்த வேண்டும் என்பது நோக்கம். நெடுங்காலம் கற்பித்தவர்கள் பெல்ஜிய இயேசு சபையினர். 1955இல் பாப்பரசரின் குருமடம் புனேக்கு இடம்பெயர்ந்தது. அம்பிட்டியவில் இலங்கைக்கான தேசிய குருமடம் தொடர்ந்தது.

சமய நம்பிக்கை எதுவானாலும் அந்த நோக்கத்துக்குப் பின்னால் உள்ள கேள்வி என்னை நிறுத்துகிறது. தூரத்திலிருந்து பணம் அனுப்புகிறவர், நாங்கள் எத்தனை பேரை அனுப்பலாம் என்று கேட்காமல், அங்கே யார் இதைச் செய்யப்போகிறார்கள் என்று கேட்டிருக்கிறார். கேட்ட பிறகும் பொறுப்பு கைமாறப் பல பத்தாண்டுகள் பிடித்தன. பணம் ஒரு நாளில் வந்துவிடும். அதிகாரம் அவ்வளவு விரைவில் வருவதில்லை.

*

2016 மே மாதம் இஸ்தான்புல்லில் கூடிய உலக மனிதாபிமான உச்சிமாநாட்டில் பெரிய நன்கொடை நாடுகளும் அமைப்புகளும் ஓர் உடன்பாடு செய்தன. 2020க்குள் நிவாரண நிதியில் நூற்றுக்கு 25 பங்கை முடிந்தவரை நேரடியாக உள்ளூர் அமைப்புகளுக்குக் கொடுப்பது என்றார்கள். ஆண்டு கடந்தது, வாக்கு நிறைவேறவில்லை. நேரே போகும் பங்கு இன்னும் ஒற்றை இலக்கத்தில்தான் நிற்கிறது.

2025இல் நிதியே வற்றியது. 1961 முதல் இயங்கிய அமெரிக்காவின் யூஎஸ்எய்ட் ஜூலை 1ஆம் திகதியோடு முடிந்தது. அந்த ஆண்டுக்கு 47 பில்லியன் டொலர் கேட்டிருந்த ஐ.நா., ஜூன் மாதம் மிக அவசரமானவற்றை மட்டும் பொறுக்கி 29 பில்லியனாகச் சுருக்கியது. தேவை குறையவில்லை. அந்த 18 பில்லியனுக்குள் எத்தனை ஊர்களின் தண்ணீர் இருந்தது என்பதை என் சிறிய அட்டவணைகளைப் பார்த்துத்தான் உணர முடிகிறது.

மேசையில் யார் உட்காருகிறார்கள் என்பதும் பணத்தோடு சேர்ந்த விடயம். ஐ.நா. செயலகம் பயிலுநர்களுக்கு ஊதியம் கொடுப்பதில்லை. 2015இல் ஜெனீவாவில் வாடகைக்கு வழியில்லாமல் ஓர் இளம் பயிலுநர் கூடாரத்தில் தங்கியதாக வந்த செய்தி உலகெங்கும் பேசப்பட்டது. யுனிசெப் போன்ற சில முகவரகங்கள் பிறகு உதவித்தொகை கொடுக்கத் தொடங்கின. ஆனாலும் ஹந்தானைத் தோட்டத்துப் பிள்ளையொருத்தி சம்பளமில்லாமல் ஜெனீவாவில் அரை வருடம் இருக்க எந்த வழியும் இல்லை. நிவாரணம் பெற்று வளர்ந்த ஒருத்தி நிவாரணத்தைத் தீர்மானிக்கும் அறைக்கு வராதவரை, அந்த அறைக்கு ஏதோ ஒன்று தெரியாமலே இருக்கும்.

*

பக்கத்தில் இருப்பதாலேயே எல்லாம் நேர்மையாகிவிடும் என்றும் நான் எண்ணவில்லை. உள்ளூர்ப் பட்டியலில் கட்சி நுழையும், சாதி நுழையும், தொழிற்சங்கச் சந்தா நுழையும். தனியாக வாழும் பெண்ணின் பெயர் விடுபடும். வெளியிலிருந்து வரும் கணக்காய்வு சில வேளைகளில் அவளுக்குக் கிடைக்கும் ஒரே பாதுகாப்பு. ஆகவே மேலே போகும் கணக்கு நிற்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அதே கணக்கு கீழேயும் போக வேண்டும் என்கிறேன். எல்லோரும் பார்க்கும் இடத்தில் ஒட்டிய கணக்கில் பொய் எழுதுவது கடினம்.

சட்டம் ஏற்கெனவே வழி விட்டிருக்கிறது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் அரச அலுவலகங்களோடு நின்றுவிடவில்லை. வெளிநாட்டு அரசுகளிடமோ சர்வதேச அமைப்புகளிடமோ கணிசமான நிதி பெற்றுப் பொதுமக்களுக்குச் சேவை செய்யும் தொண்டு நிறுவனங்களும் அதற்குள் வருகின்றன. லயத்து அம்மாவும் கேட்கலாம். கேட்கலாம் என்று அவருக்குச் சொல்ல வேண்டியவர்கள் நாங்கள்.

முன்மொழிவுப் படிவத்தில் மூன்று கேள்விகளைச் சேர்க்கும்படி குறிப்பெழுதி மேலதிகாரியிடம் கொடுத்திருக்கிறேன். ஒதுக்கிய தொகையும் பயனாளிகளைத் தெரிவுசெய்த முறையும், ஆட்களின் பெயர் இல்லாமல், தமிழிலும் சிங்களத்திலும் எங்கே ஒட்டப்படும்? மக்கள் எந்த நாளில் கூடிக் கேள்வி கேட்பார்கள்? அவர்கள் சொல்வதைக் கேட்டு மாற்றுவதற்கென்று நிதியில் எவ்வளவு ஒதுக்கப்பட்டிருக்கிறது?

முதல் இரண்டும் எளிது, நல்ல மனமுள்ள எந்த அமைப்பும் செய்துவிடும். மூன்றாவதற்குப் பதில் எழுத வேண்டுமானால் கொடுப்பவர் தன் கையிலிருந்து கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டும். பணத்தைக் கொடுப்பதைவிட அது கடினம். அதைச் செய்யும் இடத்தில்தான் உதவி பெறுகிறவர் பயனாளி என்ற நிலையிலிருந்து எழுந்து, தன் வீட்டுக்கு எது முதலில் வேண்டும் என்று சொல்கிற மனிதராகிறார்.