மரத்தைத் தின்னும் வண்டும் மரம் வைத்தவன் கடமையும்

ஒரு முஸ்லிம் நட்ட மரத்திலிருந்து மனிதனோ பறவையோ விலங்கோ உண்டால், அது நட்டவனுக்குத் தர்மமாக எழுதப்படுகிறது என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அருளியிருப்பதை நாம் அறிவோம். புகாரியிலும் முஸ்லிமிலும் வந்துள்ள ஹதீஸ் இது. முஸ்லிமில் உள்ள ஓர் அறிவிப்பில், அம்மரத்திலிருந்து திருடப்பட்டதும் தர்மமே என்று கூட வருகிறது. அப்படியானால் தென்னங் குருத்தைக் குடைந்து தின்னும் வண்டு? அதுவும் அல்லாஹ் படைத்த ஜீவன்தானே! அது தின்றதற்கும் நமக்கு நன்மை உண்டென்றால், கம்பியை எடுத்து அதைக் குத்திக் கொல்வது அந்த நன்மையின் வாசலை நாமே அடைப்பதாகாதா?

இதை வீண் தர்க்கம் என்று சிலர் தள்ளிவிடக் கூடும். நாம் அப்படிக் கருதவில்லை. தோப்பு வைத்திருக்கும் நம் குடும்பங்களில் உயிரைக் கொல்லத் தயங்குவோரும் உண்டு. தயக்கமே இன்றி மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்துவோரும் உண்டு. இரு சாராரும் தங்கள் செயலுக்கு மார்க்கத்தையே ஆதாரம் காட்டுகின்றனர்.

முதலில் வண்டை அறிந்து கொள்வோம். தென்னைக்குப் பெரும் பகைவர் இருவர். ஒன்று காண்டாமிருக வண்டு. இது இரவில் பறந்து வந்து, விரியாத குருத்தைக் குடையும். அக்குருத்து பின்னர் விரியும்போது, ஓலை கத்தரியால் முக்கோணமாக நறுக்கியது போல் தெரியும். ஆனால் அதன் முட்டையும் புழுவும் வளர்வது உயிருள்ள மரத்தில் அல்ல. எருக்குழியிலும் மக்கிய மரக்கட்டையிலும்தான். மற்றது சிவப்புக் கூன்வண்டு. மரத்தில் காயம் எங்கே என்று தேடி வந்து முட்டையிடும். காண்டாமிருக வண்டு போட்ட துளையே அதற்குப் போதும். அதன் புழுக்கள் உள்ளேயே இருந்து மரத்தை அரிக்கும். வெளியே மரம் பசுமையாகவே நிற்கும். தண்டில் செம்பழுப்பு நீர் வடிவதும் நார்ச் சக்கை வெளித்தள்ளப்படுவதும் அடையாளங்கள். மரத்தில் காதை வைத்தால் புழுக்கள் கடிக்கும் ஓசை கேட்பதும் உண்டு. இவற்றைக் கவனியாதவனுக்கு, ஒரு நாள் கொண்டை முறிந்து விழும்போதுதான் செய்தி தெரியும்.

எனவே குரும்பையைக் கடித்த அணிலும் இவ்வண்டும் ஒன்றல்ல. அணில் தின்றாலும் மரம் மறு பருவம் காய்க்கும். கூன்வண்டு தின்றால் மரமே இல்லை. அதை நம்பியிருந்த மனிதனுக்கும் பறவைக்கும் கிடைத்து வந்த தர்மமும் அத்தோடு நின்று போகிறது. நம் கையை மீறிய இழப்புக்குக் கூலி உண்டு என்பது நமக்கு ஆறுதல். தோப்பைக் கவனியாமல் விட அது அனுமதிச் சீட்டு அன்று. திருடப்பட்டதும் தர்மம் என்று கேட்டதற்காக யாரும் வேலியைப் பிரித்துப் போட்டு விடவில்லையே!

ஆக, கொல்ல இடமுண்டு. எப்படி, எவ்வளவு என்பதில்தான் சோதனை இருக்கிறது. முற்கால நபி ஒருவரை எறும்பு கடித்தது. அவர் எறும்புப் புற்றையே எரிக்கச் செய்தார். கடித்த ஓர் எறும்புக்காக இறைவனைத் துதிக்கும் ஒரு சமுதாயத்தையே அழிப்பதா என்று அல்லாஹ் அவரைக் கண்டித்தான். நெருப்பால் வேதனை செய்வது நெருப்பின் இறைவனுக்கே உரியது என்பதும் அபூதாவூதில் வந்திருக்கிறது. வண்டு நமக்கு எதிராகக் குற்றம் எதுவும் செய்யவில்லை. தனக்கு விதித்த ரிஸ்கைத் தேடுகிறது. அதைத் தடுக்க நமக்கு உரிமை உண்டு, பழிவாங்க உரிமையில்லை. பிடித்த வண்டின் காலில் நூல் கட்டிப் பிள்ளைகள் பறக்க விடுவதைப் பார்த்து வீட்டுப் பெரியவர்கள் சிரிக்கிறார்களே, அது நமக்கு உடன்பாடில்லை.

கொல்லும் முன் செய்ய வேண்டியவை எத்தனையோ உள்ளன. குருத்தை ஒட்டிய மட்டை இடுக்குகளில் வேப்பங்கொட்டைத் தூளை மணலோடு கலந்து இடலாம். பச்சை மட்டையைத் தண்டோடு ஒட்ட வெட்டிக் காயம் உண்டாக்காதிருக்கலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, பட்டுப்போன மரத்தை அப்புறப்படுத்தலாம். இதில்தான் நம்மவர் அசட்டை மிகுதி. என் நிலத்தில் கிடக்கும் என் கட்டை, பிறருக்கென்ன என்கின்றனர். அக்கட்டையில் வளர்ந்த வண்டு வரப்பைப் பார்த்துப் பறப்பதில்லை. அண்டை வீட்டாருக்குத் தீங்கிழைப்பது பற்றி எத்தனை பயான்கள் கேட்டிருக்கிறோம்! சென்னை மாகாணத்தில் 1919-லேயே பயிர்ப் பூச்சிகளுக்கென ஒரு சட்டம் வந்தது. நிலத்துக்காரர் செய்யத் தவறியதை அரசே செய்துவிட்டுச் செலவை அவரிடம் வசூலிக்கலாம் என்பது அதன் ஏற்பாடு. சட்டம் வந்து சொல்லும்வரை நாம் காத்திருக்க வேண்டுமா?

இந்த அசட்டை கடல் கடந்தும் தீங்கு செய்திருக்கிறது. தெற்காசியாவையும் தென்கிழக்காசியாவையும் தாயகமாகக் கொண்ட கூன்வண்டு, 1980களின் நடுவில் வளைகுடா நாடுகளின் பேரீச்ச மரங்களில் காணப்பட்டது. 1990களின் தொடக்கத்தில் எகிப்தை எட்டியது. 2017-ல் ஐ.நா. உணவு வேளாண்மை நிறுவனம் இதற்கென்றே ரோமில் நாடுகளைக் கூட்ட நேர்ந்தது. வண்டு அவ்வளவு தூரம் பறக்கவில்லை. புழு புகுந்த கன்றுகளையும் மரங்களையும் மனிதர்கள்தாம் ஏற்றிச் சென்றனர்.

இன்னொன்றும் கூற வேண்டும். தன் மரத்தை வண்டுக்கு விட்டுக் கொடுக்கிறேன் என்று ஒருவர் சொன்னால், அது அவர் பொருள். பள்ளிவாசல் வக்ஃபுத் தோப்பின் முத்தவல்லி அப்படிச் சொல்ல முடியாது. யத்தீம்களின் தோப்பைப் பார்த்துக் கொள்ளும் சிறிய தந்தையும் சொல்ல முடியாது. பிறர் பொருளில் தாராளம் காட்டுவது அமானிதத்தில் கை வைப்பதாகும்.

இனி, வேர் வழியே நஞ்சு ஊட்டும் முறை. மரம் போகும் நிலையில் இதை நாடுவதை நாம் குறை கூறவில்லை. ஆனால் அந்நஞ்சு இளநீரிலும் சேரக் கூடும். முன்பு பரவலாக வழங்கிய மருந்துக்கு, இருக்கும் காய்களை முதலில் பறித்துவிட்டு, பின்னர் 45 நாட்கள் பறிக்காதிருக்கும்படி வேளாண்மைத் துறையார் கூறி வந்தனர். மருந்துக்கு மருந்து இக்கெடு மாறும். கெடு முடியுமுன் பறித்த காயைத் தன் வீட்டு அம்மியில் வைக்க அஞ்சுகிறவர், அதையே சந்தைக்கு ஏற்றிவிட்டால், அது வண்டின் உயிரைப் பற்றிய கேள்வியல்ல, ஹக்குல் இபாத். தோப்பைக் குத்தகைக்கு விட்டவர் மருந்து வைத்த நாளைக் குத்தகைதாரரிடம் மறைத்தாலும் இதே நிலைதான். மருந்து வைத்த மரத்தில் சுண்ணாம்பால் தேதியை எழுதி வைப்பது ஒன்றும் சிரமமான காரியமல்ல.