பழி மறைத்தல் எது? பாவம் மறைத்தல் எது?



நற்காட்சியின் எட்டு உறுப்புகளை நம் இல்லங்களில் சிறுவரும் ஒப்புவிப்பர். ஐயமின்மை, அவாவின்மை என்று தொடங்கும் அவ்வரிசையில் ஐந்தாவதாக நிற்பது உபகூகனம். தமிழில் பழி மறைத்தல் என்பர். இவ்வோர் உறுப்பைப் பற்றியே ஈண்டுச் சிந்திக்க விழைகின்றோம். இதனைப் பிழைபடப் புரிந்துகொண்டு யாம் ஒரு தீங்குக்குத் துணைபோனோம். அதனை நாற்பது ஆண்டுகள் கழிந்த பின்னரே உணர்ந்தோம்.

வந்தவாசிப் பக்கத்துச் சிற்றூரிற் பிறந்த யாம், ஆசிரியப் பயிற்சி முடித்துப் பணியின் பொருட்டு நெல்லைக்கு வந்து, தாமிரபரணிக் கரையிலேயே தங்கிவிட்டோம். 2023 டிசம்பரில் ஆறு பெருகியபோது எம் வீட்டினுள்ளும் நீர் புகுந்தது. வெள்ளம் வடிந்த மூன்றாம் நாள், பழைய மாணவி ஒருத்தி அரிசியும் போர்வையும் எடுத்துக்கொண்டு எம்மைத் தேடி வந்தாள். இப்போது அவளே பேரன் கண்டவள். உடனிருந்து சேற்றைக் கழுவித் தள்ளினாள். பின்னர்த் திண்ணையில் அமர்ந்து, "டீச்சர், அன்று நீங்கள் சொன்னபடியே நான் இதுவரை யாரிடமும் சொல்லவில்லை" என்றாள்.

எமக்கு முதலில் விளங்கவில்லை, பிறகு விளங்கிற்று. 1980 அளவில், எட்டாம் வகுப்பு மாணவியாக இருந்த அவள், ஊரார் தொழுதுவந்த துறவி ஒருவரின் இருப்பிடத்திற்குப் பூக்கொண்டு சென்றபோது தனக்கு நேர்ந்த கொடுமையை எம்மிடம் அழுதுகொண்டே கூறியிருந்தாள். அவர் எச்சமயத்தவர், எவ்வூரினர் என்பன இங்கு வேண்டா. யாம் அவள் கண்ணீரைத் துடைத்தோம். இனி அங்கே போகாதே என்றோம். வெளியே சொன்னால் உனக்கும் கெட்ட பெயர், சமயத்திற்கும் பழி என்று அறிவுரை கூறினோம். நன்மையே செய்தோம் என்று அன்று எண்ணினோம்.

"எனக்குப் பிறகு பூக்கொண்டு போனவள் என் தங்கை, டீச்சர்" என்றாள் அவள்.

அன்றிரவு எமக்கு உறக்கமில்லை. யாம் மறைத்தது எதனை? நூல்களை மீண்டும் எடுத்துப் பார்த்தோம்.

உபகூகனத்திற்கு முன்னோர் காட்டும் கதையை வாசகர் அறிவர். ஜினேந்திரபக்தன் என்னும் வணிகன் தன் மாளிகைச் சைத்தியாலயத்தில் பார்சுவநாதர் திருவுருவத்தின் குடையில் வைடூரிய மணி பதித்திருந்தான். துறவி வேடம் பூண்டு வந்த கள்வன் ஒருவன் அதனைத் திருடி ஓடினான். காவலர் துரத்திப் பிடிக்க வந்தபோது, நான் சொல்லித்தான் அவர் அதனைக் கொணர்ந்தார் என்று வணிகன் கூறி, அறத்தின்மேற் பழி விழாமற் காத்தான். இக்கதையைச் சொல்வோர் இரண்டு செய்திகளை விட்டுவிடுகின்றனர். முதலாவது, வணிகன் பின்னர் அக்கள்வனைக் கடிந்து வெளியேற்றினான். மீண்டும் சைத்தியாலயத்தில் வைத்துக்கொள்ளவில்லை. இரண்டாவது, களவுபோனது வணிகனுடைய மணி. தன் இழப்பைப் பொறுக்க அவனுக்கு உரிமை உண்டு. பிறர் வீட்டு மணியை இழக்கக் கொடுத்துவிட்டுக் கள்வனைக் காக்க அவனுக்கு ஏது உரிமை? எம் மாணவிக்கு நேர்ந்த தீங்கை மன்னிக்க யாம் யார்?

ஆசாரியர் சமந்தபத்திரர் இரத்தின கரண்டக சிராவகாசாரத்தில் இவ்வுறுப்பின் எல்லையைத் தெளிவாக வரையறுக்கிறார். அறியாதவராலும் ஆற்றல் இல்லாதவராலும் தூய நெறிக்கு நேரும் பழியைத் துடைப்பதே உபகூகனம் என்பது அவர் கருத்து. நோன்பில் தடுமாறிய எளியோர்க்கு உரியது இச்சலுகை. தம்மை நம்பி வந்த சிறுமியிடம் தம் ஆற்றலையும் மதிப்பையும் பயன்படுத்திக் கொடுமை செய்பவர் அறியாதவரும் அல்லர், ஆற்றல் இல்லாதவரும் அல்லர். அதே நூல் கண்டிக்கும் மூன்று மூடங்களுள், போலித் துறவியரைப் போற்றும் பாசண்டி மூடமும் ஒன்று.

மேலும், தீவினை செய்தல், செய்வித்தல், உடன்படுதல் என மூவகையாலும் ஒட்டும் என்பது நம் நெறி. அறிந்தும் வாய்மூடி இருத்தல் உடன்படுதலே. யாம் கையால் யாரையும் துன்புறுத்தவில்லை. ஆயினும் தங்கையின் துன்பத்தில் எமக்குப் பங்குண்டு.

இத்தகைய மறைப்பு எவ்வளவு தூரம் செல்லும் என்பதற்குத் தமிழகம் கண்ட சான்று விராலிமலைக்கு அருகில் ஆசிரமம் நடத்திய பிரேமானந்தாவின் வழக்கு. இலங்கையிலிருந்து ஆதரவற்று வந்த சிறுமியர் பலர் அங்கே அடைக்கலம் பெற்றிருந்தனர். 1994இல் அங்கிருந்து தப்பி வெளியேறியவர் வாய்திறந்த பின்னரே உண்மை வெளிப்பட்டது. 13 பெண்களுக்கு இழைத்த பாலியல் வன்கொடுமைக்கும் ஒரு கொலைக்கும் 1997இல் புதுக்கோட்டை செசன்சு நீதிமன்றம் அவருக்கு இரட்டை ஆயுள் தண்டனை விதித்தது. உச்ச நீதிமன்றம் 2005இல் அதனை உறுதி செய்தது. 2011இல் அவர் தண்டனைக் கைதியாகவே இறந்தார். தாய் தந்தையற்ற அப்பெண்கள் சாட்சிக் கூண்டில் நின்று பேசியிராவிடில் இத்தீர்ப்பு ஏது?

பிற மடத்துக் கதைதானே என்று நாம் ஆறுதல் கொள்வதற்கில்லை. சூரத் நகரில் ஆசிபெற வந்த இளம்பெண்ணிடம் வன்கொடுமை செய்ததாகத் திகம்பர முனிவர் சாந்திசாகர் 2017 அக்டோபரில் கைதானார். 2025 ஏப்ரலில் அந்நகர நீதிமன்றம் 10 ஆண்டுச் சிறை விதித்தது. (1955இல் சல்லேகனை நோற்று மறைந்த ஆசாரிய சாந்திசாகர மகாராஜர் வேறு.) இதனை நம் பத்திரிகையில் எழுதலாமா என்று சிலர் வருந்தக்கூடும். எழுதாதிருப்பின், மயிற்பீலி ஏந்தித் தூய்மையாய் நடக்கும் முனிவர் அனைவர் மீதும் ஐயம் படரும். குற்றவாளியைப் பிரித்துக் காட்டுவதே நற்றுறவியர்க்கு நாம் செய்யும் காவல்.

பொய்ப்பழி சுமத்தப்பட்டால் என்செய்வது என்றும் கேட்பர். நியாயமான கேள்வி. அதற்கு விடை முறையான விசாரணை, வாயடைப்பு அன்று. உண்மைக்குப் பல கோணங்கள் உண்டு என்னும் அநேகாந்தம், இருதரப்பையும் கேட்கவே சொல்கிறது; குழந்தையின் தரப்பைக் கேளாமல் விடச் சொல்லவில்லை. துறவியை விசாரிப்பதும் நமக்குப் புதிதன்று. தத்துவார்த்த சூத்திரம் கூறும் ஒன்பது பிராயச்சித்தங்களுள், துறவுக் காலத்தைக் குறைக்கும் சேதமும், சங்கத்தினின்று விலக்கும் பரிகாரமும் உண்டு. ஆனால் அவை துறவியின் உயிர்த்தூய்மைக்கானவை. பாதிக்கப்பட்டவர்க்கு உரிய நீதி நாட்டின் சட்டத்தில் உள்ளது. சங்கத் தண்டனையைக் காட்டிச் சட்டத்தைத் தவிர்ப்பது தகாது.

2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, குழந்தைக்குப் பாலியல் கொடுமை நேர்ந்ததை அறிந்த எவரும் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். தெரிவிக்காமல் விடுவது குற்றம். சமய நிறுவனத்தைச் சார்ந்தோர் அங்குள்ள குழந்தையிடம் இழைப்பின் அது மேலும் கடுமையான குற்றமாகும். குழந்தையின் பெயரை வெளியிடலாகாது. 1098 என்னும் எண்ணில் எந்நேரமும் உதவி கேட்கலாம். இவற்றை நம் தாய்மார் அனைவரும் அறிந்திருத்தல் வேண்டும்.

நெல்லைச் சீமையைச் சேர்ந்திருந்த, இன்று தூத்துக்குடி மாவட்டத்திலுள்ள கழுகுமலைப் பாறையில், வட்டெழுத்துக் கல்வெட்டுகளிடையே குரத்தியர் பெயர்கள் காணப்படுகின்றன. பெண்ணை ஆசானாக ஏற்று அவள் சொல்லைக் கேட்ட சமயம் நம்முடையது. ஒரு சிறுமியின் சொல்லை மட்டும் கேளாதிருக்கலாமா?

எம் மாணவியின் இசைவு பெற்றே இதனை எழுதுகின்றோம். அத்துறவி மறைந்து பல்லாண்டுகள் ஆயின. ஆண்டுதோறும் அவருக்கு விழா நடக்கிறது. அவள் எம்மிடம் கேட்டது ஒன்றே: "அன்று நான் சொன்னதை நீங்கள் நம்பினீர்களா, டீச்சர்?" நம்பினோம். நம்பியும் அடக்கினோம். அதனை அவளிடம் ஒப்புக்கொண்டு, அவளையும் அவள் தங்கையையும் பொறுத்தருள வேண்டினோம். அவள் மறுமொழி கூறவில்லை. கூற வேண்டிய கடனும் அவளுக்கில்லை. குருவின்முன் உரைக்க வேண்டிய ஆலோசனையை இங்கே உங்கள்முன் உரைத்தோம். நாளை ஒரு குழந்தை உங்கள் மடியில் வந்து அழுதால், யாம் செய்ததைச் செய்யாதீர்கள்.

அறம் வளர்க.