பாராட்டின் எடை

ஒருவர் எழுதியதைப் படித்து, 'நன்றாயிருக்கிறது' என்று சொல்வதற்கு ஒரு விலை வைத்தால் அந்தச் சொல் என்ன ஆகும்? இந்தக் கேள்வியை ஊரறிய நடத்திப் பார்த்தது ஸ்டீமிட் என்ற அமைப்பு. 2016-ல் அமெரிக்காவில் நெட் ஸ்காட், டான் லாரிமர் என்ற இருவர் தொடங்கியது அது.

எழுதுகிறவனுக்கு விளம்பரக்காரனும் வேண்டாம், பத்திரிகை முதலாளியும் வேண்டாம். படிக்கிறவர்கள் போடும் வாக்கே கூலியைத் தீர்மானிக்கும் என்றார்கள். கணக்கு ஒருவர் வீட்டுப் பேரேட்டில் இல்லை. பல கணினிகளில் ஒரே சமயத்தில் எழுதப்படும் பிளாக்செயினில் இருந்தது. எழுதிப் பிழைக்கிற எவனுடைய நெஞ்சும் இதைக் கேட்டுச் சற்றே துள்ளும்.

ஆனால் வாக்கு ஆளுக்கு ஒன்றல்ல. ஸ்டீம் நாணயத்தை எவ்வளவு பூட்டி வைத்திருக்கிறானோ அவ்வளவு எடை அவன் வாக்குக்கு. தொடக்கத்தில் அது வர்க்கக் கணக்கில் ஏறிற்று. பத்து மடங்கு செல்வம் உள்ளவன் தனித்து வாக்களித்தால் நூறு மடங்கு பலன். 2017 ஜூனில்தான் நேர்விகிதத்துக்கு இறங்கினார்கள். காசு அனுப்பினால் வாக்குப் போடும் தானியங்கிகளும் அங்கே பெருகின. தன் வீட்டுக் கல்யாணத்தில் தானே மொய் எழுதிக்கொள்வதுபோல், எழுதியவனே தனக்குப் பாராட்டை விலைக்கு வாங்கினான்.

சாதாரண மக்களை இங்கே வரவழைப்பது எப்படி? நுழைவதை எளிதாக்குங்கள் என்பது பலருடைய யோசனை. நியாயந்தான். ஒரு கணக்குக்கு நாலு வகைச் சாவிகள்; கடவுச்சொல் தொலைந்தால் மீட்டுத் தருவாரில்லை. வாசற்படியைத் தாழ்த்தட்டும். உள்ளே வந்தவன் என்ன காண்கிறான்? ஒவ்வொரு கட்டுரையின் அடியிலும் டாலர்க் கணக்கு. மனமுருகிப் படித்துவிட்டு அவன் வாக்களிக்கிறான்; அந்த எண் அசைவதே இல்லை. உன் ரசனைக்கு இங்கே மதிப்பில்லை என்பதை இதைவிடத் தெளிவாக எப்படிச் சொல்வது?

ஆளுக்கொரு வாக்கு என்றால், ஒருவனே ஆயிரம் பெயரில் வந்து நிற்பான். இயந்திரத்துக்கு ஆளைத் தெரியாது, பணத்தைத்தான் தெரியும். இது மெய்யான சங்கடம். ஆகையால் எண்ணிக்கையையே விட்டுவிடலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. பணக் கணக்கு வேறொரு பக்கத்தில் இருக்கட்டும். கட்டுரையின் கீழே, வாசகன் தானே தேர்ந்து பின்தொடர்கிறவர்களில் யாருக்கு அது பிடித்தது என்ற பெயர்கள் மட்டும் இருக்கட்டும். ஆயிரம் பொய்ப் பெயர்கள் வந்தாலும் அவன் ஏமாறமாட்டான். தெரிந்தவர் ஒருவரின் பெயர் அவனுக்குப் போதும்.

2020-ல் ஜஸ்டின் சன் என்பவர் அந்தக் கம்பெனியை விலைக்கு வாங்கினார். அதனிடமிருந்த நாணயக் குவியலைச் சாட்சிகள் எனப்படும் கணக்குக் காவலர்கள் முடக்கினார்கள். மார்ச்சில் சில நாணயச் சந்தைகள், தம்மிடம் வாடிக்கையாளர்கள் போட்டுவைத்த நாணயத்தைக் கொண்டே வாக்களித்து, அந்தச் சாட்சிகளை இறக்கிவிட்டன. அந்த மாதம் 20-ஆம் தேதி ஒரு கூட்டம் பிரிந்து போய் ஹைவ் என்று புதுப் பேரேடு தொடங்கிற்று. கம்பெனிக்கு அதன் குவியலை அங்கே கொடுக்கவில்லை. கோபம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் எவரும் கைவைக்க முடியாத கணக்கு என்ற பேச்சு அன்றோடு போயிற்று.

புது வீட்டிலும் எடைக் கணக்கு மாறவில்லை. மாற்றுவதானால் முன்னணிச் சாட்சிகள் 20 பேரில் பெரும்பாலோர் சம்மதிக்க வேண்டும். அவர்களைத் தேர்ந்தெடுப்பதும் அதே எடை வாக்குதான்.