கதையும் கைங்கர்யமும்

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:



உத்ஸவ காலங்களில் நாம் கதைகளையே மிகுதியும் கேட்கிறோம். கருட ஸேவையன்று கஜேந்திரனின் கதை, நரசிம்ம ஜயந்தியன்று பிரகலாதனின் கதை என ஒவ்வொரு நாளுக்கும் ஒரு வரலாறு உண்டு. கற்ற இளைஞர் சிலர், “இவை புராணக் கதைகள்தாமே? இவற்றை நம்புவதுதான் சமயமா?” என்று வினவுகின்றனர். வினா நியாயமானது. சினவாது விடை கூறுவது நம் கடமை.

ஆங்கிலத்தில் ‘மைதாலஜி’ என்று வழங்கும் சொல், கதையென்று பொருள்படும் ஒரு கிரேக்கச் சொல்லினின்று பிறந்தது. அந்தக் கிரேக்கரிடத்தும் விரிந்த தெய்வக் கதைகள் இருந்தன. ஏதென்ஸ் நகரின் குன்றின்மேல் அதீனா தேவிக்கு எழுப்பிய கோயில் இன்றும் பாதி இடிந்து நிற்கிறது. கி.பி. 4-ஆம் நூற்றாண்டின் இறுதியில் உரோமப் பேரரசர் பிறப்பித்த ஆணைகளால் அத்தகைய வழிபாடுகள் தடை செய்யப்பெற்றன. கதைகள் அழியவில்லை, உலகெங்கும் பள்ளிப் பிள்ளைகள் அவற்றைப் படிக்கின்றனர். ஆயினும் அக்கோயிலைக் காணச் செல்வார் உளரேயன்றி, விளக்கேற்றச் செல்வாரைக் காண்பதரிது. கதை எஞ்சியது, சமயம் நீங்கிற்று. ஆகவே இரண்டும் ஒன்றல்ல என்பது தெளிவு.

பின், சமயம் எதில் நிற்கிறது? இதற்கு விடை காண நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. திருப்பத்தூரை அடுத்த ஜவ்வாது மலையில் நெல்லிவாசல்நாடு, புதூர்நாடு, புங்கம்பட்டுநாடு என்னும் நாடுகள் உள்ளன. இம்மலைவாழ் மலையாளி மக்களின் தோற்றத்தைப் பற்றிய பழங்கதை ஒன்றை, 1909-இல் எட்கர் தர்ஸ்டன் வெளியிட்ட ‘தென்னிந்தியக் குலங்களும் குடிகளும்’ என்னும் நூலிற் காணலாம்.

சக ஆண்டு 1055-இல், அதாவது கி.பி. 1132-ஐ ஒட்டி, கங்குந்தி வேடர்கள் காஞ்சிபுரத்துக் காரைக்காட்டு வேளாளரிடம் பெண் கேட்டனராம். வேளாளர் இகழ்ந்து மறுக்கவே, வேடர் ஏழு கன்னியரைக் கவர்ந்து சென்றனர். அவர்களை மீட்க ஏழு வேளாளர், ஏழு நாய்களுடன் புறப்பட்டனர். “நாய்கள் மட்டும் திரும்பி வந்தால் நாங்கள் மாண்டோமென்று கொண்டு ஈமக்கடன் செய்துவிடுங்கள்” என்று மனைவியரிடம் சொல்லிச் சென்றனர். பாலாற்றிலே வெள்ளம். ஆடவர் அரிதின் நீந்திக் கரையேறினர். நாய்களோ பாதியில் மீண்டு காஞ்சியை அடைந்தன. வேடரைக் கொன்று ஊர் திரும்பிய எழுவரும், தமக்கு ஈமக்கடன் முடிந்ததையும், தம் மனைவியர் கைம்மைக் கோலம் பூண்டதையும் கண்டனர். உயிரோடு நின்றவரை ஊர் இறந்தவராகவே வைத்து விலக்கிற்று. அவர்கள் வேடர் குலப் பெண்களை மணந்து, ஜவ்வாது மலையேறி உழவு மேற்கொண்டனர் என்று கதை முடிகிறது.

இது நடந்ததோ இல்லையோ, ஒரு கூட்டத்தார் தாம் யாவர், எங்கிருந்து வந்தோம் என்று தம் மக்களுக்குச் சொல்லிக்கொள்ளும் கதை இது. தொன்மத்தின் தொழிலும் அதுவே. அது வேரைக் காட்டும். ஆனால் இனி எப்படி வாழ்வது என்று கேட்டால் தானாக விடை கூறாது. இதே கதையைக் கொண்டு ஒருவர், “நாங்கள் காஞ்சியிலிருந்து வந்த மேன்மக்கள்” என்று செருக்கலாம். மற்றொருவர், “இவர்கள் விலக்குண்டவர்கள்” என்று இகழலாம். கதை இருவர்க்கும் இடங்கொடுக்கும்.

இப்போது அதே காஞ்சியின் மற்றொரு வரலாற்றை நோக்குவோம். இளையாழ்வாராகிய ராமாநுஜர் விந்தியக் காட்டிலே தனித்து வழி தவறி நின்றபோது, ஒரு வேடனும் வேடுவிச்சியும் துணையாக வந்தனர் என்று குருபரம்பரை கூறும். வேடுவிச்சி தாகமென்றாள். பொழுது விடிந்ததும் ராமாநுஜர் அருகிலிருந்த சாலைக்கிணற்றில் இறங்கித் தீர்த்தம் முகந்தளித்தார். மீண்டும் முகந்து ஏறி வந்தபோது இருவரையும் காணவில்லை; கண்ணெதிரே காஞ்சி நகரத்துப் புண்யகோடி விமானம் விளங்கிற்று. வந்தவர்கள் பேரருளாளனும் பெருந்தேவித் தாயாருமே என்று அவர் தெளிந்தார்.

இதுகாறும் கதை. சமயம் இதற்கு மேல் தொடங்குகிறது. அச்சாலைக்கிணற்றினின்று நாள்தோறும் ஒரு குடம் தீர்த்தம் சுமந்து சென்று பெருமாளுக்குச் சமர்ப்பிப்பதை அவர் தம் கைங்கர்யமாகக் கொண்டார். அதிசயம் நிகழ்ந்தது ஒருநாள். குடம் சுமந்தது எத்தனையோ நாள். ஒருநாள் நிகழ்ந்த அதிசயத்தைக் கேட்டு வியப்பதோடு நில்லாமல், அதன் பொருட்டு மறுநாட்காலை தோளிலே குடத்தை ஏற்றுக்கொள்வதுதான் சமயம்.

இன்னும் ஒன்று கருதத்தக்கது. முன்னைய கதையில் வேடர் குலத்துச் சம்பந்தம், விலக்குண்டதன் அடையாளமாக நிற்கிறது. பின்னைய வரலாற்றிலோ எம்பெருமானும் பிராட்டியும் தாமே அந்த வேடத்தை விரும்பி ஏற்று வருகின்றனர். சம்பிரதாயம் கொள்ளும் கணக்கின்படி ராமாநுஜர் வாழ்ந்த காலம் 1017 முதல் 1137 வரை. மலைக்கதை குறிக்கும் ஆண்டும் அதற்குள்ளேயே அடங்குகிறது. ஒரே ஊர், ஒரே காலம். ஒரு கதையில் ஊர் கதவை அடைத்தது. மற்றதில் பெருமாள் காட்டிற்கே வந்து வழிகாட்டினான்.

அவ்வழியைப் பற்றியே எம்பெருமானார் ஒழுகினார். பேரருளாளனுக்குத் திருவாலவட்டக் கைங்கர்யம் செய்துவந்த திருக்கச்சி நம்பிகள் அந்தணர் குலத்தில் அவதரித்தவரல்லர். அவர் அமுது செய்த சேஷத்தை விரும்பி ராமாநுஜர் தம் இல்லத்திற்கு அழைத்தார். நம்பிகள் அமுது செய்து அகன்றதும், குலத்தை எண்ணி அவ்விடத்தை மெழுகித் தூய்மை செய்தார் இல்லாள். அது கண்டு ராமாநுஜர் மனம் நொந்தார். வேடனாய் வந்தவனைப் பெருமாளென்று அறிந்த பிறகும் குலத்தை எண்ணி மெழுகுவோமாகில், நாம் கதை கேட்டோமேயன்றிச் சமயம் கற்றோமில்லை.

ஆதலால், “கதை மெய்யா?” என்று கேட்கும் இளைஞரைக் கடிய வேண்டா. ஆராயட்டும். “கேட்ட கதை உம்மை என்ன செய்யச் சொல்கிறது?” என்ற மறுவினாவையும் அவர்முன் வைப்போம். நம்மையும் அவ்வாறே கேட்டுக்கொள்வோம். இத்திருவிழாவின் ததீயாராதனப் பந்தியில் நம் அருகே அமர்பவர் மலைநாட்டாராகவோ, பேரூராராகவோ, நாம் அறியாத ஒருவராகவோ இருக்கலாம். அவர் குலம் வினவாது, இலையை அவர்முன் இட்டு, நீரை முகந்து கொடுப்போமாக. சாலைக்கிணற்றின் தீர்த்தம் அன்று சேர்ந்த இடம் அதுவே.

பேரருளாளன் திருவடிகளே சரணம்.