பந்தியில் அவருக்கும் ஓர் இடம்



சாதி பாராமல் ஒரே கிணற்றில் நீர் அள்ளவும் ஒரே பந்தியில் அமர்ந்து உண்ணவும் அய்யா வைகுண்டர் மக்களைப் பழக்கினார். சுவாமித்தோப்பு முத்திரிக் கிணறு இன்றும் அதற்குச் சாட்சி. ஆனால் பந்தியில் அமர்ந்தும் மற்றவர் உண்பதை உண்ண முடியாதவருக்குச் சமபந்தி என்பது என்ன? வாய்ப்புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு முடித்துத் திரும்பியவர் உள்ள வீட்டில் இக்கேள்வி வேளைக்கு வேளை எழுகிறது.

திருவண்ணாமலையில் அது இன்னும் உறைக்கும். பௌர்ணமிதோறும் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் அன்னதானம் நடக்கிறது. கார்த்திகை தீபத்துக்கு உறவெல்லாம் வந்து இறங்குகிறது. ஊரே உண்ண அழைக்கையில் வீட்டில் ஒருவர் ஒரு வாய் மோருக்குக் கண் கலங்குகிறார்.

காஞ்சிபுரம் காரப்பேட்டைக்கோ, புதுச்சேரி ஜிப்மருக்கோ, சென்னை அடையாறுக்கோ போய், வாரம் ஐந்து நாள் வீதம் ஆறேழு வாரம் கதிர்வீச்சு எடுத்து வந்ததும் "எல்லாம் முடிந்தது" என்கிறார்கள் உறவினர். உடம்புக்கு முடியவில்லை. சிகிச்சை நின்ற பின்னும் ஓரிரு வாரம் வாய்ப்புண் கூடலாம். சுவை திரும்ப மாதங்கள் ஆகும். உமிழ்நீர் சிலருக்கு முழுதாகத் திரும்புவதே இல்லை. தாடை மெல்ல இறுகும். மருத்துவர் சொல்லித்தந்த வாய் திறக்கும் பயிற்சியை விடக்கூடாது. கதிர்வீச்சு மருத்துவரைக் கேளாமல் பல் பிடுங்கவும் கூடாது.

இனி மனைவியின் நிலையைப் பாருங்கள். பார்த்துப் பார்த்து வைத்த ரசத்தை அவர் தள்ளிவிடுகிறார். அவர் வாயில் மிளகு நெருப்பாய் எரிகிறது. அந்த அம்மாவுக்கோ தன்னையே தள்ளியதுபோல் வலிக்கிறது. நம் வீடுகளில் அன்பைச் சோறாகத்தான் காட்டத் தெரியும். அதனால் தட்டு திரும்பினால் அன்பே திரும்பியதாகிவிடுகிறது. "இவ்வளவு செய்தேனே" என்ற சொல் அங்கே பிறக்கிறது. அப்போது நாம் தீர்க்கப் பார்ப்பது அவர் பசியையா, நம் மனக்குறையையா? கொடுப்பவருக்குப் பிடித்த வடிவில் கொடுப்பது எளிது. பெறுபவரால் விழுங்கக்கூடிய வடிவில் கொடுப்பதையே தர்மம் என்பேன்.

அதற்காக, வேண்டாம் என்றால் விட்டுவிடுவதும் சரியல்ல. எடை குறைவது உண்மையான ஆபத்து. புளிப்பும் காரமும் இல்லாமல், குழைய வேகவைத்த பாசிப்பருப்புச் சாதத்தில் நெய் விட்டு, அல்லது கேழ்வரகுக் கஞ்சியை வெதுவெதுப்பாக, இரண்டு மணிக்கொரு முறை கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கலாம். கொதித்து ஆறிய ஒரு லிட்டர் நீரில் உப்பும் சமையல் சோடாவும் ஒவ்வொரு டீஸ்பூன் கலந்து அடிக்கடி கொப்பளிக்கலாம். வாரம் ஒருமுறை எடை பாருங்கள். எடை இறங்கிக்கொண்டே போனால் மருத்துவரிடம் போகவேண்டும். அவர் மூக்குக்குழாய் வைக்கச் சொன்னால் அதில் அவமானம் ஒன்றுமில்லை.

எச்சில் வழிகிறது, இருமல் வருகிறது என்று அவரே மூலைக்கு ஒதுங்குவார். ஒதுங்க விடாதீர்கள். அதே நேரம், அதே பாய், அவர் கிண்ணம் நம் இலைக்குப் பக்கத்தில். ஒவ்வொரு வாயையும் எண்ணிப் பார்க்க வேண்டாம். அவருக்காக வீடே கஞ்சி குடிக்கவும் வேண்டாம், அது அவருக்குத்தான் பாரம். மிளகாய் தாளிப்பதை மட்டும் அவர் வெளியே உட்கார்ந்திருக்கும்போது செய்தால் போதும்.

"புகையிலை போட்டதற்குக் கிடைத்தது" என்பாரும் உண்டு. புகையிலையே தொடாதவருக்கும் இந்நோய் வருகிறது. போட்டவரேயானாலும் கஞ்சியோடு கண்டனத்தையும் சேர்த்து ஊட்டுவது தகாது. ஆனால் அவர் கை மறுபடி அந்தப் பொட்டலத்துக்குப் போனால் தடுத்தே ஆகவேண்டும். வீட்டில் மற்றவர் வைத்திருப்பதும் அன்றே வெளியேறவேண்டும்.

பந்தியில் பரிமாறியவரும் கடைசியில் அமர்ந்து உண்பார். இந்த வீடுகளில் பரிமாறும் மனைவியோ கணவரோ உண்டார்களா என்று யாரும் கேட்பதில்லை. அடுத்த பரிசோதனைக்குக் காரப்பேட்டை போகும் பஸ்ஸில் நம் தாங்கல் அன்பர் ஒருவர் நோயாளியோடு ஏறிக்கொண்டால், அந்த அம்மா அன்று ஒரு பகல் தூங்குவார்.